ஒளியுமிழும் மூலக்கூறுகளின் திசையமைவு: ஒரே படலத்துக்கு மூன்று எண்கள் வருவது ஏன்?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஓஎல்இடி எனப்படும் கரிம ஒளியுமிழ் டயோடுகளில் பயன்படும் மெல்லிய படலங்களில், ஒளியுமிழும் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அமைந்திருக்கின்றன என்பதை அளக்கும் பணியை ஆறு மாதங்களாகச் செய்துவருகிறேன். என் ஒளியுமிழி, இரண்டு ஃபீனைல்பிரிடின் ஈனிகளும் (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறுப் பகுதிகள்) ஓர் அசிட்டைல்அசிட்டோனேட் ஈனியும் கொண்ட பச்சை இரிடியம் அணைவுச் சேர்மம். அதை எடையில் 8 சதவீதம் சிபிபி என்ற ஏந்துபொருளோடு சேர்த்து, வெற்றிடத்தில் ஆவியாக்கி, உருகிய சிலிக்கா தகட்டின்மீது 30 நானோமீட்டர் தடிமனில் படியவைக்கிறேன். பிறகு அந்தத் தகட்டை அரை உருளைப் பட்டகத்தின் தட்டையான முகத்தில் எண்ணெய் தடவி ஒட்டி, 375 நானோமீட்டர் லேசரால் தூண்டி, பட்டகத்தின் வளைந்த பக்கம் வழியாக வெளிவரும் ஒளியை 0 முதல் 90 பாகை வரை, தளவிளைவாக்கி ஒன்றின் வழியே, பாகை பாகையாக அளக்கிறேன்.

ஒரே ஆவிப்படிவில் ஒரே தாங்கியில் வைத்துச் செய்த மூன்று தகடுகளும் மூன்று விடைகளைத் தந்திருக்கின்றன. செங்குத்து இருமுனைகளின் பங்கு (ஒளியை வீசும் நுண் அலைபரப்பிகளில் படலத்துக்குச் செங்குத்தாக நிற்பவற்றின் பங்கு) என்று கட்டுரைகளில் குறிக்கப்படும் தீட்டாவின் மதிப்பு முதல் தகட்டில் 0.24, இரண்டாவதில் 0.19, மூன்றாவதில் 0.31. பொருளும் அறையும் நாளும் ஒன்றாக இருக்க, எண் மட்டும் இவ்வளவு விலகுவது எனக்கு விளங்கவில்லை. இதே கலவையைக் கரைசலாக்கிச் சுழற்சிப் பூச்சு முறையில் செய்த படலமோ 0.33 தருகிறது. அது என் பிழையா, பொருளின் இயல்பா என்பதும் தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த மூத்த வேதியியலாளர் ஒருவர், "அப்படியானால் மூலக்கூறு எத்தனை பாகை சாய்ந்து கிடக்கிறது?" என்று கேட்டார். 0.24இன் வர்க்கமூலத்தை எடுத்துக் கணக்கிட்டு, படலத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 61 பாகை என்று விடை சொன்னேன். சொன்ன பிறகு, அது சரிதானா என்ற ஐயம் என்னை விடவில்லை. இந்த அளவீட்டைத் தாங்களே செய்து பார்த்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஒளியியல் கணக்கீடுகளில் பணிபுரிபவர்

வணக்கம். தகடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சோதனைக்கூடத்தில் நாள்தோறும் நிற்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறான புரிதல் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அளப்பது மூலக்கூறின் உடலை அன்று. மூலக்கூறு கிளர்வுற்ற நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கும்போது ஒரு நுண்ணிய அலைபரப்பியைப் போல ஒளியை வீசுகிறது. அந்த அலைபரப்பியின் திசையைக் குறிப்பதுதான் நிலைமாற்ற இருமுனைத் திருப்புத்திறன். அது மூலக்கூறின் நீளவாட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கோல்போன்ற நீண்ட ஒளிர்சாயங்களில் பெரும்பாலும் நீளவாட்டில் இருக்கிறது. உங்கள் இரிடியம் சேர்மத்தில் அது ஃபீனைல்பிரிடின் ஈனிகளோடு பிணைந்திருப்பதோடு, அவ்வகை ஈனிகள் இரண்டு இருப்பதால் ஒரே மூலக்கூறுக்குள் இரு வேறு திசைகளும் இருக்கின்றன. ஆகவே "மூலக்கூறு எத்தனை பாகை" என்ற கேள்விக்கு இந்த அளவீடு மட்டும் விடை தர முடியாது.

அடுத்ததாக, தீட்டா என்பது ஒரு சராசரி. ஒவ்வோர் இருமுனையும் படலத்தின் செங்குத்துக் கோட்டோடு ஆக்கும் கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்தி, எல்லா இருமுனைகளுக்கும் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் அது. எல்லாம் படுத்திருந்தால் 0, எல்லாம் நின்றிருந்தால் 1, எந்த ஒழுங்கும் இன்றிச் சிதறியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.33. ஆனால் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்ப இயலாது. எல்லா இருமுனைகளும் ஒன்றுபோல 54.7 பாகையில் சாய்ந்து நின்றாலும் அதே 0.33தான் வரும், முற்றிலும் ஒழுங்குபட்ட அந்தப் படலத்தையும் முற்றிலும் ஒழுங்கற்ற படலத்தையும் உங்கள் பட்டகத்தால் பிரித்தறிய முடியாது. அதுபோலவே 0.24 என்பது எல்லாம் 61 பாகையில் இருப்பதாலும் வரலாம், முக்கால் பங்குக்குச் சற்று மேலான இருமுனைகள் முழுவதும் படுத்து மீதி முழுவதும் நிற்பதாலும் வரலாம். உண்மையான படலத்தில் ஏதோ ஒரு கோணப் பரவல் இருக்கிறது. அதன் ஒரே ஒரு சராசரியை மட்டும் நீங்கள் அறிகிறீர்கள். எனவே அந்த வேதியியலாளரிடம் "செங்குத்துத் திசையில் உமிழும் திறனின் பங்கு 24 சதவீதம்" என்று சொல்வதே முறை. பாகையைச் சொல்லாமல் விடுவது நல்லது.

குறியீடுகளிலும் கவனம் தேவை. சிலர் கிடைமட்டப் பங்கைத் தருகிறார்கள், உங்கள் 0.24 அவர்களிடம் 76 சதவீதம் ஆகிவிடும். படலத்தின் தளத்தில் இரண்டு அச்சுகள் இருப்பதால் ஒழுங்கே இல்லாத படலத்துக்கும் கிடைமட்டப் பங்கு 67 சதவீதம் வரும் என்பதை மறந்து, அதைப் பெரிய சாதனைபோல எழுதிய வரைவுகளைத் திருத்தும் வேலை எனக்கே வாய்த்திருக்கிறது. வேறு சிலர் திரவப்படிக ஆய்விலிருந்து வந்த ஒழுங்கு அளவுருவைப் பயன்படுத்துகிறார்கள். தீட்டாவை மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கழித்து, இரண்டால் வகுத்தால் அது கிடைக்கும். அதில் ஒழுங்கின்மை 0, முழுவதும் படுத்த நிலை மைனஸ் 0.5, உங்கள் படலம் மைனஸ் 0.14.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். நிற்கும் இருமுனை தன் ஒளியைப் பெரும்பாலும் படலத்தின் தளத்தை ஒட்டியே வீசுகிறது. அந்த ஒளி டயோடின் அடுக்குகளுக்குள் அலைவழிப்படுத்தப்பட்டும், எதிர்மின்வாயின் உலோகப் பரப்பில் பிளாஸ்மான் என்ற எலக்ட்ரான் அலைவாக மாறியும் வீணாகிறது. இருமுனைகள் ஒழுங்கின்றி இருக்கும் சாதாரண ஓஎல்இடிக்குள் உண்டாகும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. படுத்த இருமுனைகள் அந்த இழப்பைக் கணிசமாகக் குறைக்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் இதே சேர்மத்தைக் கொண்டு சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2013இல் 30 சதவீதப் புறக் குவாண்டம் திறனை (செலுத்தும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வெளியே வரும் ஒளித்துகள்களின் விகிதம்) எட்டியபோது, கிடைமட்டப் பங்கு 77 சதவீதமாக இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே உங்கள் முதல் தகட்டின் 0.24 நம்பத்தக்க எண்ணாகவே எனக்குத் தோன்றுகிறது.

பதில் 2: கோண அளவீட்டுக் கருவியைப் பராமரிப்பவர்

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். இப்போது உங்கள் மேசைக்கு வருவோம்.

இந்தச் சோதனையில் எல்லாமே 43 பாகையைச் சுற்றித்தான் நடக்கிறது. உருகிய சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.46 என்பதால், சிலிக்காவுக்கும் காற்றுக்கும் இடையிலான மாறுநிலைக் கோணம் 43 பாகையை ஒட்டி அமைகிறது. பி-தளவிளைவு (படலத்தின் செங்குத்துக் கோடும் அளக்கும் திசையும் அமைந்த தளத்துக்குள் மின்புலம் அதிரும் ஒளி) வளைகோட்டை எடுத்து அந்த இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். படலம் மெல்லியதாக இருக்கும்போது, படுத்த இருமுனைகளின் ஒளி அந்தக் கோணத்தில் ஏறக்குறைய மறைந்துபோய், பிறகு 60 பாகைப் பக்கம் மறுபடி எழுகிறது. நிற்கும் இருமுனைகளின் ஒளியோ நேர்முகத்தில் சுழியாக இருந்து, சரியாக அந்த 43 பாகைப் பக்கத்தில்தான் உச்சத்தை அடைகிறது. எனவே பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக இருமுனைகள் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்பும் ஒளியைத்தான் நீங்கள் தீட்டா என்ற எண்ணாக வாசிக்கிறீர்கள். 2010இல் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒளிர்சாயம் கலந்த படலங்களுக்கு இந்த முறையைச் செய்துகாட்டியதிலிருந்து இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது தகட்டை எடுத்துக்கொள்வோம். தகட்டுக்கும் பட்டகத்துக்கும் இடையே காற்றுக்குமிழி இருந்ததா என்று பாருங்கள். குமிழி இருக்கும் இடத்தில் ஒளி சிலிக்காவிலிருந்து காற்றைச் சந்திக்கிறது. 43 பாகைக்கு உட்பட்ட ஒளி குமிழியைக் கடந்து சென்றுவிடும். அதற்கு மேற்பட்ட ஒளி முழு அக எதிரொளிப்பால் திரும்பிவிடும். அதாவது செங்குத்து இருமுனைகளைப் பற்றிச் சாட்சி சொல்லும் ஒளியை மட்டும் குமிழி பொறுக்கியெடுத்து விழுங்குகிறது. விளைவாகத் தீட்டா குறைந்து, படலம் உண்மையில் இருப்பதைவிட ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். லேசர் புள்ளி விழும் இடத்தில் நெல்மணியளவு குமிழி இருந்தாலும் போதும். தகட்டைச் சாய்வாக ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்கி, எண்ணெய் முன்னால் ஓடிக் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தபடி ஒட்டுவதுதான் வழி. மேலிருந்து நேராக அழுத்தினால் நடுவில் குமிழி சிக்கிக்கொள்ளும்.

எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணையும் புட்டியில் பார்த்துவிடுங்கள். நுண்ணோக்கிக்கு வாங்கிவைத்த எண்ணெய் பெரும்பாலும் 1.515 கொண்டது, அது சாதாரணக் கண்ணாடிக்கு ஏற்றதே தவிரச் சிலிக்காவுக்கு ஏற்றதன்று. நடுக்கோணங்களில் தீங்கு தெரியாது, ஆனால் 70 பாகைக்கு மேல் எல்லைகளில் எதிரொளிப்பு கூடி வளைகோட்டின் வாலைத் தாழ்த்திவிடும்.

தீட்டாவைக் குறைத்துக்காட்டும் இன்னொரு காரணம் ஒளிச்சிதைவு. 0 பாகையில் தொடங்கி 90 வரை ஒரே திசையில் அளந்துகொண்டு போகும்போது, லேசர் பட்டுப் படலம் மெல்ல மங்கிக்கொண்டிருந்தால், பின்னால் அளக்கப்படும் பெரிய கோணங்கள் எல்லாம் குறைந்த ஒளியோடு பதிவாகும். 90இல் முடித்ததும் மறுபடி 0 பாகைக்கு வந்து ஓர் அளவு எடுங்கள். தொடக்கத்தில் எடுத்த அளவோடு அது பொருந்தவில்லையென்றால் அந்த வளைகோட்டை ஒதுக்கிவிட்டு, லேசரின் திறனைக் குறைத்து, படலத்தின்மீது நைட்ரஜன் வாயுவை மெல்லப் பாய்ச்சியபடி, தகட்டில் புதிய இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குமிழியும் ஒளிச்சிதைவும் ஆகிய இரண்டு பிழைகளும் நாம் விரும்பும் பக்கமே சாய்கின்றன. 0.31 வந்தால் எல்லோரும் கருவியைச் சந்தேகிக்கிறோம், 0.19 வந்தால் மகிழ்ந்து அதை வரைபடத்தில் போட்டுவிடுகிறோம். உங்கள் மூன்று எண்களில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த 0.19ஐத்தான்.

மூன்றாவது தகட்டுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே எண் மேலே போயிருக்கிறது. அளந்த வளைகோட்டோடு கோட்பாட்டு வளைகோட்டைப் பொருத்தித் தீட்டாவைக் கண்டறியும் கணக்கீட்டில் தடிமனுக்கு எந்த எண்ணைக் கொடுத்தீர்கள்? படிவின்போது தடிமனைக் கணிக்கும் குவார்ட்ஸ் படிக மானி காட்டிய 30ஐ மூன்று தகடுகளுக்கும் அப்படியே கொடுத்திருந்தால் அங்கேதான் சிக்கல். படலம் தடிமனாகும்போது, காற்றுப் பரப்பிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் படுத்த இருமுனைகளின் ஒளி 43 பாகையில் முழுவதும் மறைவதில்லை. அவையும் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகின்றன. படலம் உண்மையில் 30ஐவிடத் தடிமனாக இருந்து, கணக்கீடு அதை 30 என்றே நம்பினால், அந்த உபரி ஒளியை நிற்கும் இருமுனைகளின் கணக்கில் எழுதிவிடும். பத்து நானோமீட்டர் பிழையே தீட்டாவை இரண்டாம் தசம இடத்தில் நன்றாக அசைக்கப் போதுமானது.

இதைக் கண்டுபிடிக்க எஸ்-தளவிளைவு (மின்புலம் அந்தத் தளத்துக்குக் குறுக்காக அதிரும் ஒளி) வளைகோடு உங்களுக்குக் கைகொடுக்கும். நிற்கும் இருமுனைகள் எஸ்-தளவிளைவில் ஒளியை உமிழ்வதே இல்லை. எனவே அந்த வளைகோட்டில் தீட்டாவுக்கு வேலையில்லை. தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் கருவியின் நேர்த்தியும் மட்டுமே அதன் வடிவத்தை முடிவுசெய்கின்றன. அது 43 பாகையில் கூரிய முனையோடு எழ வேண்டும். அந்த முனை 41இலோ 45இலோ தெரிந்தால் உங்கள் சுழல்மேடையின் சுழிப்புள்ளி தவறியிருக்கிறது, அல்லது லேசர் புள்ளி உருளையின் மையக் கோட்டில் விழவில்லை. முனை சரியான இடத்தில் இருந்தும் வளைகோடு கணக்கீட்டோடு பொருந்தவில்லையென்றால் தடிமனையோ ஒளிவிலகல் எண்ணையோ சந்தேகியுங்கள். எஸ் வளைகோடு பொருந்தும்வரை பி வளைகோட்டைத் தொடக்கூடாது என்பதை எங்கள் ஆய்வகத்தில் விதியாகவே வைத்திருக்கிறோம். எஸ் வளைகோட்டை எடுக்காமல் பி மட்டும் எடுத்துத் தீட்டாவைச் சொல்லும் பழக்கத்தை எவரிடம் கண்டாலும் தயங்காமல் எடுத்துச்சொல்லுங்கள்.

ஆய்வு மாணவி

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் ஊகித்தது சரிதான்; மூன்று தகடுகளுக்கும் மானி காட்டிய 30ஐயே கொடுத்திருந்தேன். எஸ் வளைகோடுகளை எடுத்துவைத்திருந்தேனே தவிர, அவற்றை அளவுச் சீராக்கலுக்கு மட்டுமே பயன்படுத்தினேன். இப்போது திறந்து பார்த்தால், முதல் இரண்டு தகடுகளில் பொருத்தம் நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் 50 பாகைக்கு மேல் கோடு தெளிவாக விலகிப் போகிறது. நாளை எலிப்சோமீட்டரில் மூன்றின் தடிமனையும் அளக்கிறேன்.

அதற்குள் சுழற்சிப் பூச்சுப் படலத்தைப் பற்றி எவரேனும் சொல்ல முடியுமா? அந்தப் படலத்தில் எஸ் வளைகோடு நன்றாகவே பொருந்துகிறது.

பதில் 3: ஒளியுமிழிகளைத் தொகுக்கும் வேதியியலாளர்

வணக்கம் தோழி. சுழற்சிப் பூச்சில் வந்த 0.33 உங்கள் பிழையாக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சேர்மம் எப்படி ஒழுங்குபடுகிறது என்பதை அறிந்தால், கரைசலிலிருந்து செய்த படலத்தில் அந்த ஒழுங்கு ஏன் இல்லை என்பதும் விளங்கிவிடும்.

வெற்றிடத்தில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து பரப்பில் அமர்கின்றன. அந்தக் கணத்தில் மூலக்கூறின் ஒரு பக்கம் ஏற்கெனவே படிந்த கரிமப் பொருளையும் மறுபக்கம் வெறும் வெற்றிடத்தையும் பார்க்கிறது. உங்கள் இரிடியம் சேர்மத்துக்கு இரண்டு வேறுபட்ட முகங்கள் இருக்கின்றன: ஒருபுறம் அரோமாட்டிக் வளையங்கள் கொண்ட ஃபீனைல்பிரிடின் ஈனிகள், மறுபுறம் மெத்தில் தொகுதிகள் கொண்ட அசிட்டைல்அசிட்டோனேட். அரோமாட்டிக் பக்கம் தன்னைப் போன்ற வளையங்கள் நிறைந்த படலத்தை நாடுகிறது. மெத்தில் தொகுதிகள் கொண்ட அலிஃபாட்டிக் பக்கம் வெற்றிடத்தை நோக்கி நிற்கிறது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் ஆக்ஸ்பர்க் இயற்பியலாளர்களும் 2016இல் சேர்ந்து முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. அப்படி அமரும்போது ஃபீனைல்பிரிடின் பக்கத்து இருமுனைகள் பெரிதும் படுத்த நிலைக்கு வருகின்றன. அடுத்த மூலக்கூறுகள் மேலே வந்து மூடியதும் இது அசைய இடமின்றி அப்படியே உறைந்துவிடுகிறது. மூன்று ஃபீனைல்பிரிடின் ஈனிகளையும் கொண்ட, எல்லோருக்கும் பழக்கமான பச்சைச் சேர்மத்துக்கு இப்படி வேறுபட்ட முகங்கள் இல்லை. அது ஒழுங்கின்மைக்கு மிக அருகிலேயே நிற்கிறது. ஓர் ஈனியை மாற்றியதால் மட்டும் இவ்வளவு வேறுபாடு என்பது, மூலக்கூறுகளை வரைந்து தொகுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் மனம் நிறைக்கும் செய்தி.

சுழற்சிப் பூச்சில் இந்த வரிசை நிகழ்வதில்லை. மூலக்கூறுகள் எல்லாம் கரைப்பானுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூழலைப் பார்த்தபடி உருண்டுகொண்டிருக்கின்றன. கரைப்பான் வற்றும்போது நின்ற கோலத்தில் இறுகிவிடுகின்றன. வெற்றிடத்தை முகம்பார்க்கும் பரப்பு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கிடைப்பதில்லை. சிறிய மூலக்கூறுகளுக்கு அதனால்தான் 0.33 வருகிறது. நீண்ட சங்கிலிகளான பாலிமர்களின் கதை வேறு. அவற்றின் நீளமே படலத்தின் தளத்தில் படுக்க வைத்துவிடும். ஒருவகையில் உங்கள் சுழற்சிப் பூச்சுப் படலம் பெரும் உதவி: விடை இதுதான் என்று முன்கூட்டியே தெரிந்த படலத்தில் உங்கள் கருவி அந்த விடையையே காட்டியிருக்கிறது.

வெப்பநிலையையும் பதிவுசெய்யுங்கள். பரப்பில் வந்து அமரும் மூலக்கூறு உறைவதற்கு முன் எவ்வளவு நேரம் நகர முடியும் என்பதை, தகட்டின் வெப்பநிலைக்கும் ஏந்துபொருளின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கும் (இறுகிய படலம் இளகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள விகிதம் பெரிதும் முடிவுசெய்கிறது. சிபிபியின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 62 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. கெல்வினில் கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் இருக்கும் தகடுகூட அதன் 0.89 பங்கில் இருக்கிறது. கோல்போன்ற மூலக்கூறுகள் 0.7, 0.75 விகிதத்தில் நன்றாகப் படுத்துக்கொள்கின்றன; 0.9ஐத் தாண்டும்போது படுக்கும் போக்கு குன்றி, சில சற்றே நிமிரவும் செய்கின்றன. உங்கள் சேர்மம் கோல் வடிவம் அன்று, ஆனாலும் ஆவியாக்கும் மூசையின் வெப்பம் தகட்டைச் சில பாகைகள் சூடாக்கினால் சிபிபியில் அதைப் புறக்கணிக்க முடியாது. டிசிடிஏ போன்று கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 150 பாகையளவில் இருக்கும் ஏந்துபொருளில் ஒருமுறை செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

ஒரு சிறு விலகல், ஆனால் உங்கள் வேதியியலாளரின் கேள்வியோடு தொடர்புடையது. ஒளி அளவீட்டுக்கு மேல் நோக்கிய மூலக்கூறும் கீழ் நோக்கிய மூலக்கூறும் ஒன்றே, ஏனென்றால் அது கொசைனின் வர்க்கத்தை அளக்கிறது. அவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால் நிலைத்த இருமுனைத் திருப்புத்திறனை (மூலக்கூறுக்குள் மின்னூட்டம் சமமின்றிப் பரவியிருப்பதால் எப்போதும் இருப்பது) நாட வேண்டும். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏஎல்க்யூ3 என்ற அலுமினியம் சேர்மத்தை இருளில் 560 நானோமீட்டர் தடிமனுக்குப் படியவைத்து, கெல்வின் முறையில் அளந்தபோது பரப்பில் 28 வோல்ட் மின்னழுத்தம் இருந்தது. மேல்கீழ் சமநிலையில் சிறு சாய்வு மட்டுமே இருந்தும் அத்தனை வோல்ட் சேர்ந்துவிட்டது. மூலக்கூறின் உண்மையான நிற்கும் கோலத்தை அறிய விரும்புபவர், இவ்விரு அளவீடுகளையும் மூலக்கூறின் கணக்கிட்ட வடிவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

ஆய்வு மாணவி

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று நாட்களில் நடந்ததை இங்கே பதிவிடுகிறேன்.

எலிப்சோமீட்டரில் முதல் தகடு 31, இரண்டாவது 30, மூன்றாவது 41 நானோமீட்டர் காட்டின. வெற்றிட அறையைத் திறந்து பார்த்தபோது காரணமும் கிடைத்தது: தாங்கியைச் சுழற்றும் பட்டை தளர்ந்து, படிவின்போது தாங்கி சுழலாமலே நின்றிருக்கிறது. மூன்றாவது தகடு சிபிபி மூசைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. 41 என்று கொடுத்துப் பொருத்தியதும் எஸ் வளைகோடு கணக்கீட்டோடு ஒன்றிவிட்டது, தீட்டாவும் 0.25க்கு இறங்கிவிட்டது. அந்தத் தகட்டில் சிபிபி கூடுதலாகப் படிந்திருப்பதால் ஒளியுமிழியின் பங்கு 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் என்பதால், அதைத் தனிக் குறிப்போடுதான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தகட்டைப் பட்டகத்திலிருந்து எடுக்காமல் டார்ச் விளக்கை ஓரமாகப் பிடித்துப் பார்த்தேன். லேசர் புள்ளிக்கு அருகே, தட்டையான ஒரு குமிழி வெள்ளிக்காசுபோல மின்னியது. தகட்டைக் கழற்றித் துடைத்து, நீங்கள் சொன்னபடி சாய்த்து ஒட்டி அளந்தபோது 0.24 வந்தது. 0 பாகைக்குத் திரும்பி எடுத்த அளவு தொடக்க அளவைவிட 1 சதவீதம்தான் குறைந்திருந்தது.

கடைசியாக ஒன்று. நான் தூண்டும் 375 நானோமீட்டர் ஒளியைச் சிபிபி ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை. ஒளியுமிழியே நேரடியாக உறிஞ்சுகிறது. லேசர் தளவிளைவு உடையது என்பதால், அதன் திசைக்கு இணங்கிய மூலக்கூறுகளை மட்டும் அது பொறுக்கித் தூண்டி, என் விடையை ஒருபக்கம் சாய்த்துவிடாதா?

பதில் 1: ஒளியியல் கணக்கீடுகளில் பணிபுரிபவர்

மிக நல்ல கேள்வி. கொள்கையளவில் சாய்க்கும். திடப்படலத்தில் மூலக்கூறு சுழல முடியாததால், தூண்டும் ஒளியின் திசையை அது ஓரளவு நினைவில் வைத்திருக்கும். செறிவு மிகக் குறைந்த ஒளிர்சாயப் படலங்களில் அந்த நினைவு தீட்டாவைக் கெடுக்கும். உங்கள் படலத்தில் இரண்டு காரணங்களால் அது மங்கிவிட வாய்ப்பு அதிகம். ஒரே மூலக்கூறுக்குள் ஆற்றல் இரண்டு ஃபீனைல்பிரிடின் ஈனிகளுக்கும் சென்றடைய முடியும். 8 சதவீதச் செறிவில் அது அண்டை மூலக்கூறுகளுக்கும் தாவுகிறது.

ஆனால் வாய்ப்பை நம்ப வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். லேசரின் பாதையில் அரையலைத் தகடு ஒன்றை வைத்துத் தளவிளைவை 90 பாகை திருப்பி, அதே இடத்தில் பி வளைகோட்டை மறுபடி எடுங்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். படியாவிட்டால், 325 நானோமீட்டர் ஹீலியம்-காட்மியம் லேசர் உள்ள ஆய்வகம் அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த அலைநீளத்தைச் சிபிபியே உறிஞ்சி ஒளியுமிழிக்குக் கடத்துவதால், தூண்டலின் திசை வழியிலேயே பெரிதும் மறைந்துபோகும்.

ஆய்வேட்டில் எழுதும்போது 0.24 என்று மட்டும் எழுதாமல், தடிமனை ஒரு நானோமீட்டர் கூட்டியும் குறைத்தும் பொருத்திப் பார்த்து, விடை எவ்வளவு நகர்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எஸ் வளைகோட்டையும் அதே படத்தில் போடுங்கள்.

ஆய்வு மாணவி

அரையலைத் தகடு வைத்து இன்று மாலை எடுத்தேன். 0 முதல் 80 பாகை வரை இரண்டு வளைகோடுகளும் இரைச்சலின் அளவுக்குள் ஒன்றாகவே செல்கின்றன. பட்டகத்தின் விளிம்பு மறைப்பதால், 80க்கு மேற்பட்ட புள்ளிகளை இரண்டிலுமே பொருத்தத்தில் சேர்க்கவில்லை. தாங்கியின் பட்டையை மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை டிசிடிஏவில் முதல் தகட்டைப் படியவைக்கிறேன்.